சீனக் கடற்படை: கப்பல் எண்ணிக்கை மட்டும் போதாது

தம்பி, வந்தாறுமூலை வளாக ஒப்படையில், "உலகிலேயே அதிகப் போர்க்கப்பல் சீனாவிடம், ஆகவே இந்து சமுத்திரமும் அதன் கையில்" என்று எழுதலாமா எனக் கேட்டிருந்தீர்கள். முதல் பாதி சரி. இரண்டாவது நிற்காது.

வாழைச்சேனையிலிருந்து போகும் பலநாள் படகைப் பாருங்கள்: டீசலும் ஐஸும் இருக்கும் வரைதான் கடலில் நிற்கும். கடற்படைக்கும் அப்படித்தான். எரிபொருள், திருத்துமிடம், மேலே விமானப் பாதுகாப்பு எல்லாம் வேண்டும். இந்தப் பக்கம் சீனா வெளிப்படையாக வைத்திருக்கும் இராணுவத் தளம் 2017இல் கிழக்கு ஆபிரிக்க நாடான ஜிபூட்டியில் திறந்தது மட்டுமே. தென்சீனக் கடலிலிருந்து பெரும்பாலும் மலேசியாவுக்கும் சுமாத்திராவுக்கும் இடையிலுள்ள மலாக்கா நீரிணை வழியாகத்தான் வர வேண்டும். அதன் மேற்கு வாயிலருகே அந்தமான் நிக்கோபாரில் இந்தியா இருக்கிறது. இதை விரிவாக எழுதுங்கள், கட்டுரையின் உயிர் இங்கேதான்.

சீனாவின் நோக்கத்தைத் தனியாகப் பாருங்கள். 2008 கடைசியிலிருந்து ஏடன் வளைகுடாவுக்குக் கப்பல் அனுப்புகிறார்கள். 2014இல் கொழும்புக்குச் சீன நீர்மூழ்கி வந்தது, 2022இல் அம்பாந்தோட்டைக்குச் செய்மதி, ஏவுகணைகளைக் கண்காணிக்கும் சீனக் கப்பல் யுவான் வாங் 5. ஆசை தெளிவாகவே தெரிகிறது, அதைக் குறைத்து எழுத வேண்டாம்.

அப்புறம், அம்பாந்தோட்டையில் சீன நிறுவனத்துக்குக் கொடுத்த 99 வருடக் குத்தகை வர்த்தகத் துறைமுகத்துக்கானது. "சீனக் கடற்படைத் தளம்" என்று எழுதிவிடாதீர்கள்.