வெளிநாட்டிலிருந்து திரும்பிய பிறகு மீண்டும் படிப்பு, கூடவே தன்னார்வப் பணி: எதை முதலில் தொடங்குவது?

பத்து வருடம் வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறீர்கள். முதுகலை படிக்க ஆசை, ஏதாவது தொண்டும் செய்ய வேண்டும், எதை முதலில் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்தே தொடங்குங்கள் என்பேன். எனக்கு ஒன்று இல்லாமல் மற்றது நிலைத்திருக்காது.

மஸ்கட்டில் பன்னிரண்டு வருடம் கணக்குப் பிரிவில் இருந்தேன். மகளின் படிப்புக்காகத் திருநெல்வேலிக்கு வந்தோம். கையில் இருந்தது பி.காம்., படிக்க விரும்பியது வரலாறு. எம்.ஏ. வரலாற்றுக்குப் பல இடங்களில் ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும். நான் சேர்ந்த இடத்தில் வயதை ஒரு பொருட்டாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அலைய வைத்தது சான்றிதழ்கள்தான். டி.சி. எங்கேயோ தொலைந்திருந்தது. நகல் வாங்க, முன்பு படித்த கல்லூரிக்கு ஐந்து முறை போனேன். வேறு பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர்களிடம் மைக்ரேஷன் சான்றிதழும் கேட்பார்கள்.

வகுப்பில் எல்லோருக்கும் இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது. முதல் வாரத்திலேயே 'அக்கா' ஆகிவிட்டேன். கஷ்டம் வேறு இடத்தில் வந்தது. ஒரு பக்கம் வாசித்து முடித்தால் மேல் பத்தியில் என்ன இருந்தது என்று நினைவில் நிற்காது. மூன்று மணி நேரம் கையால் எழுதிப் பல வருடம் ஆகியிருந்தது. முதல் உள்தேர்வு முடிந்து வீட்டுக்கு வந்து அழுதேன்.

அந்தச் சமயத்தில்தான் தெரிந்த பேராசிரியை ஒருவர், பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கும் பார்வையற்ற மாணவன் ஒருவனைப் பற்றிச் சொன்னார். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு முதலில் தோன்றுவது பணம் கொடுப்பதுதானே. லேப்டாப் வாங்கித் தரட்டுமா என்று அவனிடமே கேட்டேன். "லேப்டாப் இருக்குக்கா. வாசிச்சுச் சொல்லத்தான் ஆள் இல்ல" என்றான்.

எனக்குப் புரியவில்லை. திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருள் தமிழுக்கும் உண்டே? அவன் ஒரு கோப்பைத் திறந்து ஓட விட்டான். அது பழைய பாமினி எழுத்துருவில் அடித்த பாடக்குறிப்பு. நம் கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு உள்ளே வெறும் ஆங்கில எழுத்துகள். 'தமிழ்' என்ற இடத்தில் கணினி "ஜே கே பி ஓ" என்றது. ஜெராக்ஸ் பக்கங்களைப் படமாக எடுத்து வைத்திருந்த கோப்புகளில் அதுவும் இல்லை, பேசாமலே இருந்தது. தமிழைக் கணினி தமிழாகவே அறிந்துகொள்ள உதவும் ஒருங்குறி (யூனிகோட்) வந்து எத்தனையோ வருடம் ஆன பிறகும் ஒரு மாணவன் தன் பாடத்தை இப்படிக் கேட்க வேண்டியிருக்கிறது என்பதை இன்னும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

வியாழனும் சனியும் மாலை வாசிக்கப் போனேன். மற்ற நாட்களில் போனில் பதிவு செய்து அனுப்பினேன். முதல் பதிவைக் கேட்டுவிட்டு, "பக்க எண் சொல்லலியேக்கா, அட்டவணையையும் விட்டுட்டீங்க" என்றான். உண்மைதான். எனக்காகப் படிக்கும்போதும் அட்டவணைகளைத் தாண்டிப் போவதுதான் என் பழக்கம். அவனுக்காக ஒவ்வொரு கட்டத்தையும் வாயால் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் நிலவரிக் கணக்குகள் என் மண்டையிலும் ஏறின.

ஒருநாள் பாளையக்காரர் போர் பாடத்தில் ஒரு வரைபடம் வந்தது. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவன் வலது கையை மேசைமேல் உள்ளங்கை மேலே தெரிய விரிக்கச் சொன்னேன். விரல்கள் வடக்கு. மணிக்கட்டு திருநெல்வேலி. நடுவிரலின் அடி கயத்தாறு, 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர். விரித்த பெருவிரலின் நுனி பாஞ்சாலங்குறிச்சி. ஆள்காட்டி விரல் நுனி கோவில்பட்டி. "அப்போ தூத்துக்குடி?" என்றான். அது கைக்கு வெளியே, மணிக்கட்டுக்கு வலப்பக்கம் மேசைமேல் இருக்கிறது என்று அவன் இடது கையைப் பிடித்து அங்கே வைத்தேன். கொஞ்ச நேரம் ஒவ்வொரு விரலாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் என் கையை விரித்துப் பார்த்தேன். பிறந்து வளர்ந்த சீமை எப்படி அமைந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கும் தெரிந்தது.

இரண்டாம் பருவத்தில் எனக்கு நல்ல மதிப்பெண். சத்தமாக வாசித்த பாடம் மறக்கவில்லை, அவ்வளவுதான் காரணம்.

சரி, உங்களுக்கு உதவக்கூடிய சில விஷயங்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் முடியும் என்றால் அதை மட்டும் சொல்லுங்கள். சொன்ன நாளில் தவறாமல் போங்கள். ஒரு வாரம் நான் சொல்லாமல் விட்டுவிட்டேன், அவன் பேருந்து ஏறி வந்து ஒரு மணி நேரம் காத்திருந்தான். அது இன்றைக்கும் உறுத்துகிறது. பார்வையற்றவர் சொல்லச் சொல்லத் தேர்வு எழுதிக் கொடுக்க விரும்பினால் விதிகளை முன்பே விசாரியுங்கள். தேர்வரே ஆள் அழைத்து வந்தால் அந்த ஆளின் படிப்பு தேர்வரைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்றது மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல்; 2025-இல் அந்த விதிகள் மாறின. அதனால் நான் வாசிப்பதோடு சரி.

அப்புறம், இப்போதே பெட்டியைத் திறந்து உங்கள் டி.சி. இருக்கிறதா என்று பாருங்கள்.