ஸோவாந்தஸ் மூடியே கிடக்கிறதா? உப்பைப் பாருங்கள்

வணக்கம். 60 லிட்டர் கடல்நீர்த் தொட்டி, பத்து நாளாக ஸோவாந்தஸ் (பூப்போல விரியும் பவள வகை) விரியவில்லை, உப்பு 1.030 (நீரின் ஒப்படர்த்தி) காட்டுகிறது, நீர் குறையும்போதெல்லாம் உப்புநீர்தான் ஊற்றுகிறேன் என்கிறீர்கள். சிக்கல் அந்தக் கடைசி வரியில்தான்.

ஆவியாவது நீர் மட்டும். உப்பு உள்ளேயே தங்கிவிடும். அதன்மேல் உப்புநீரையே ஊற்றினால் கரிப்பு ஏறாமல் என்ன செய்யும்? குறைந்ததை ஈடுகட்ட ஆர்ஓ நீர் போதும். வீட்டு ஆர்ஓ என்றால் டிடிஎஸ் (நீரில் கரைந்த உப்புகளின் அளவு) கூட்டும் திருகு மூடியிருக்கிறதா பாருங்கள். உப்புநீர், பழைய நீரை எடுத்துவிட்டு மாற்றும் நாளில் மட்டும்.

உப்பை அளக்க உங்களிடம் இருப்பது முள் ஆடும் ஹைட்ரோமீட்டரா? முள்ளில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே கூடுதலாகக் காட்டும். தட்டிவிட்டு மறுபடி பாருங்கள். முடிந்தால் ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒளி விலகுவதை வைத்து உப்பை அளக்கும் கருவி) சரிபாருங்கள்.

உண்மையிலேயே 1.030 என்றால் ஒரே நாளில் இறக்காதீர்கள், அது இன்னும் கெடுதல். கல், மணல் போக உங்கள் தொட்டியில் 50 லிட்டர் நீர் இருக்கலாம். தினமும் ஒன்றரை லிட்டர் எடுத்துவிட்டு அதே அளவு ஆர்ஓ நீரை மெதுவாக ஊற்றினால் சுமார் ஐந்து நாளில் 1.026-க்கு வந்துவிடும்.

அப்புறம், கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு நேராகக் கருப்பு டேப் ஒட்டிவையுங்கள். காலையில் காபி குடித்துக்கொண்டே அந்தக் கோடுவரை ஊற்றுவது என் வழக்கம். மின்விசிறி வைத்துக் குளிர்விக்கிறீர்கள் என்றால் நீர் இன்னும் வேகமாக இறங்கும்.

மருந்து எதுவும் இப்போது ஊற்ற வேண்டாம். ஒரு வாரம் கழித்தும் விரியவில்லை என்றால் நைட்ரேட், ஆல்கலினிட்டி அளவுகளோடு எழுதுங்கள்.