பிக்கப் வண்டியைக் குறைந்த செலவில் உயர்த்த எந்த கிட் (உயர்த்தும் பாகங்களின் தொகுப்பு) நல்லது?

வேலூரிலிருந்து ஜவ்வாது மலைக்குப் போகும்போது வண்டியின் அடி தட்டுகிறது, மலிவான கிட் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பாரம் ஏற்றினால் மட்டும் தட்டுகிறதா? அப்படியானால் கிட் வேண்டாம். தளர்ந்த பின்பக்க ஸ்பிரிங் பிளேட்டுகளை மாற்றினாலே போதும்.

காலியாகவும் தட்டினால், முன்பக்கக் காயில் ஸ்பிரிங்குக்கு ஒன்று முதல் ஒன்றரை அங்குல ஸ்பேசர் (உயரம் கூட்டும் வளையம்) போடுங்கள். அதற்குமேல் போகாதீர்கள்: முன்சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயிண்ட் (உருண்டை மூட்டு) சீக்கிரம் தேயும், நான்கு சக்கர இயக்கமாக இருந்தால் முன் அச்சுத்தண்டின் ரப்பர் உறையும் கிழியும். பின்பக்கம் அச்சுக்கும் ஸ்பிரிங் பிளேட்டுக்கும் நடுவே ஒரே ஒரு இரும்புக் கட்டை வையுங்கள், அவற்றைச் சேர்த்துப் பிடிக்கப் புதிய நீளமான யூ-போல்ட் போடுங்கள். கட்டைமேல் கட்டை அடுக்கவே கூடாது. பிரேக் பிடிக்கும்போது அச்சு முறுக்கிக்கொள்ளும்.

மிச்சமாகும் பணத்தை நல்ல ஷாக் அப்சார்பருக்குக் கொடுங்கள். வீல் அலைன்மெண்ட் கட்டாயம். உயரம் கூடினால் மலை வளைவில் வண்டி எளிதில் சாயும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு மாற்றங்களைக் கட்டுப்படுத்துவதால், வாங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.