பீரோவுக்குள் பூஞ்சை, அரிச்சல்முனையில் உப்புக் காற்று: கேமரா கேள்வி பதில்

திருவான்மியூர் வாசகர் ஒருவர்: சார், என் 50 எம்.எம். லென்ஸைத் தோல் உறையில் போட்டு, துணி சுற்றி பீரோவில் பூட்டி வைத்திருந்தேன். இரண்டு வருடம் கழித்து எடுத்தால், கண்ணாடிக்கு உள்ளே சிலந்தி வலை மாதிரி படர்ந்திருக்கிறது. தண்ணீரே படாத லென்ஸுக்கு இது எப்படி வந்தது?

அது பூஞ்சை. தண்ணீர் பட வேண்டியதில்லை, காற்றில் இருக்கும் ஈரமே போதும். என் சர்வீஸ் மேஜைக்கு வரும் லென்ஸ்களில் மழையில் நனைந்தவற்றைவிட, இப்படிப் பத்திரமாகப் பூட்டி வைத்துக் கெட்டவைதான் அதிகம். கடற்கரை ஊர்களில் ஈரப்பதம் பெரும்பாலும் 60 சதவீதத்துக்கு மேலேதான் நிற்கும். இருட்டும் காற்றோட்டமில்லாத பீரோவும் சேர்ந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். தோல் உறை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், முதலில் அதைத் தூக்கிப் போடுங்கள்.

லென்ஸுக்குப் பின்னால் செல்போன் டார்ச்சை அடித்து, முன்னாலிருந்து பாருங்கள். ஓரத்தில் மெல்லிய இழைகள் மட்டும் என்றால் பிரித்துத் துடைத்துவிடலாம். நாளாகிவிட்டால் பூஞ்சை விடும் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிடும், துடைத்தாலும் தடம் போகாது. வீடியோ பார்த்து நீங்களே ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்காதீர்கள். பாதி கழற்றி, கவரில் கட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

ஈரத்தைக் கட்டுப்படுத்தி வைக்கும் அலமாரியான டிரை கேபினெட் வாங்க வசதி இருந்தால் நல்லது. இல்லையென்றால் மூடியில் ரப்பர் வளையம் வைத்த பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள், ஒரு சின்ன ஈரப்பதமானி. அளவு 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்கட்டும். 30-க்குக் கீழே போனாலும் ஆகாது, லென்ஸுக்குள் இருக்கும் கிரீஸும் ரப்பரும் காய்ந்துபோகும். ஆரஞ்சு ஜெல் பச்சையானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். சமையலுக்குப் புழங்காத பழைய வாணலியில் சிறுதீயில் வறுத்தால் பழைய நிறம் வந்துவிடும். அப்புறம், வாரத்துக்கு ஒருமுறையாவது லென்ஸை வெளியே எடுத்து நாலு படம் எடுங்கள்.

நாகப்பட்டினம் வாசகர் ஒருவர்: கல்யாண போட்டோ எடுக்கிறேன். ஏசி அறையில் பெண் அலங்காரத்தை முடித்துக்கொண்டு, மாப்பிள்ளை அழைப்புக்கு வாசலுக்கு ஓடினால் படமெல்லாம் வெள்ளைப் புகையாக வருகிறது.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு போல லென்ஸ் வேர்க்கிறது. துடைத்தாலும் மறுபடி படியும். அரை மணி நேரம் முன்பே கேமராவை ஜிப் பையில் போட்டு மூடி, வெளியே கொண்டுபோய் வைத்துவிடுங்கள். ஈரம் பைமேல் படியும், உள்ளே கேமரா மெதுவாக வெளிச்சூட்டுக்கு வந்துவிடும். அதுவரை லென்ஸைக் கழற்றாதீர்கள், உள்ளே படம் பதியும் சென்சாரிலும் படிந்துவிடும். இரண்டு கேமரா இருந்தால் சிக்கலே இல்லை, ஒன்றை உதவியாளரிடம் கொடுத்து வாசலிலேயே நிறுத்துங்கள். முகூர்த்தம் உங்கள் லென்ஸுக்காகக் காத்திருக்காது.

பரமக்குடி வாசகி ஒருவர்: குடும்பத்தோடு தனுஷ்கோடி போகிறோம். போன தடவை மணல் சாம்பல் நிறமாகவும் முகமெல்லாம் கறுப்பாகவும் வந்தன. கேமராவையும் எப்படிக் காப்பாற்றுவது?

கேமரா கண்ணில் படுவதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்தே வெளிச்சத்தை அளக்கும். பளீரென்ற மணல் அதனால்தான் மங்கிவிடுகிறது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 வையுங்கள். போனில் என்றால் முகத்தைத் தொட்டு, சூரியக் குறியை மேலே தள்ளுங்கள். வானம் கொஞ்சம் வெளுக்கும், வெளுத்தால் என்ன, நீங்கள் எடுப்பது பிள்ளைகளைத்தானே? 1964 புயலில் இடிந்த தேவாலயச் சுவரோடு எடுக்கும்போது, ஆட்களை நிழலின் விளிம்பில், வெயில் விழும் மணலைப் பார்த்தபடி நிறுத்துங்கள். மணலே வெளிச்சத்தை முகத்தில் திருப்பியடிக்கும்.

தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக் காற்றில் லென்ஸ் மாற்றவே வேண்டாம், ஒரே லென்ஸோடு போங்கள். லென்ஸுக்கு முன்னால் மாட்டும் யூவி ஃபில்டர் கண்ணாடி வேறு இடங்களில் தண்டச்செலவு என்பேன், இங்கே மட்டும் மாட்டுங்கள். மணல் பட்டால் முதலில் காற்றடிக்கும் புளோயரால் ஊதிவிட்டு, அப்புறம்தான் துணி. நேராகத் துணியை வைத்தால் ஒரு துகள் போதும், கீறல் விழுந்துவிடும். அறைக்குத் திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் கேமராவின் வெளிப்பக்கத்தைத் துடைத்து உப்பை எடுங்கள்.

கடலூர் வாசகர் ஒருவர்: நனைந்த போனை அரிசியில் போடலாமா?

வேண்டாம். அரிசி மாவுதான் சார்ஜ் துளையில் ஏறும். உடனே அணைத்து, சார்ஜ் போடாமல் ஃபேன் காற்றில் காயவிடுங்கள். போனில் தண்ணீர் தாங்கும் என்பதற்கான ஐபி68 குறி போட்டிருந்தாலும் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்தது, கடல் நீருக்கு அது உத்தரவாதம் இல்லை. கடலில் விழுந்திருந்தால் அன்றைக்கே சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.