நிலத்தடி நிலக்கரிச் சுரங்கம் வந்தால் சுற்றியுள்ள கிணறுகளில் நீர் ஏன் குறைகிறது?

மண்ணிலும் பாறையிலும் உள்ள நுண்ணிய துளைகளிலும் வெடிப்புகளிலும் நிறைந்திருப்பதுதான் நிலத்தடி நீர். நிலக்கரிப் படுகை பெரும்பாலும் இந்த நீர்மட்டத்துக்குக் கீழே கிடக்கும். அதனால் வெட்டத் தொடங்கியதுமே நீர் உள்ளே கசியும். ஆட்கள் வேலை செய்தாக வேண்டுமே, அதை இரவு பகலாகப் பம்பு வைத்து வெளியேற்றுகிறார்கள்.

ஈரமான கடற்கரை மணலில் குழி தோண்டி, ஊறும் நீரை அள்ளிக் கொட்டிக்கொண்டே இருங்கள். குழியில் மட்டுமல்ல, சுற்றியுள்ள மணலிலும் நீர் இறங்கிவிடும். பக்கத்தில் அதிகமாக, தள்ளிப் போகப் போகக் குறைவாக. கிணறுகளுக்கும் இதேதான் நேர்கிறது.

என்னைக் கேட்டால், இதைவிடக் கவலைப்பட வேண்டியது கூரைப் பாறை சரிவதைப் பற்றித்தான். நீண்ட சுவர்போல வெட்டிக்கொண்டே போகும் நீள்சுவர் முறையில் நிலக்கரியை முழுதாக எடுத்த பின் மேலே உள்ள பாறையை இடிந்து விழ விட்டுவிடுவார்கள். அப்போது வெடிப்புகள் மேல்நோக்கிப் பரவும். அவை நீர் தாங்கும் அடுக்கை எட்டினால் நீர் அந்த வழியே கீழே வடியும், மேலே ஓடும் ஓடைகூட வற்றலாம். நடுவில் தடித்த களிமண் அடுக்கு இருந்தால் பாதிப்பு குறையும். கூரையைத் தாங்க நிலக்கரியையே தூண்களாக விட்டுவைத்து வெட்டும் முறையில், அந்தத் தூண்கள் தாங்கும்வரை வெடிப்பு குறைவு.

சுரங்கத்தை மூடியதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை: நீர்மட்டம் மீளப் பல ஆண்டுகள் ஆகும், வெடித்த பாறையில் நீர் ஓடும் பாதையே மாறியிருக்கும், ஜெர்மனியின் ரூர் பகுதியில் கடைசிச் சுரங்கம் 2018-இல் மூடப்பட்ட பிறகும் நீர் இறைப்பது தொடர்கிறது.