பூட்டின டேனரி மண்ணை டெஸ்ட் பண்ண யாரு காசு தர்றது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வேலூர் பக்கம் சின்ன பேரூராட்சி எங்களோடது. இருபது வருஷமா பூட்டிக்கிடக்குற டேனரி (தோல் பதனிடுற ஃபேக்டரி) இடத்துல வாரச்சந்தை கொண்டு வரப்போறாங்களாம். மண்ணு கெட்டிருக்கான்னு டெஸ்ட் பண்ணுங்கன்னு போய்க் கேட்டா "அதுக்கு எந்த ஹெட்ல (பட்ஜெட் கணக்குல) காசு எடுக்குறது"ன்னு திருப்பிக் கேக்குறாங்க. யாருங்க தரணும்?
– பேர் வேண்டாம்னு சொன்ன வாசகர்

பதில்: அவங்க நக்கலா கேட்ட மாதிரி உங்களுக்குத் தோணியிருக்கும், ஆனா கேள்வி நிஜம்தான் சார். பேரூராட்சி பட்ஜெட்ல ரோடு, தெரு லைட்டு, குடிதண்ணி, குப்பைக்கெல்லாம் வழி இருக்கு, மண்ணு டெஸ்ட்டுக்கு ஏது? டெஸ்ட் பண்ணாம சுத்தம் பண்ண எவ்வளவு ஆகும்னு எஸ்டிமேட் போட முடியாது, எஸ்டிமேட் இல்லாம மேல எவனும் ஃபைலைத் தொட மாட்டான், இப்படியே வருஷம் ஓடிடும். என்னைக் கேட்டா சுத்தம் பண்ற காசு வேற, சோதிக்கிற காசு வேறன்னு பிரிச்சு வச்சாத்தான் சின்ன ஊருக்கு விடிவு.

பக்கத்துலயே பாருங்க. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஃபேக்டரி 2001ல மூடுச்சு, அங்க பாதரசம் பிரச்னை. ஆனா இந்துஸ்தான் யூனிலீவர்னு கைகாட்ட ஒரு பெரிய கம்பெனி உயிரோட இருந்துச்சு, அதனால மண்ணு ஆய்வுச் செலவு அவங்க தலையில விழுந்துச்சு (எவ்வளவு சுத்தம் பண்ணா போதும்ங்கிற சண்டை தனிக்கதை). ராணிப்பேட்டையில தமிழ்நாடு குரோமேட்ஸ்ங்கிற கெமிக்கல் கம்பெனி தொண்ணூறுகள்லயே மூடிடுச்சு, ரெண்டு லட்சம் டன்னுக்கு மேல குரோமியக் கழிவு அங்கயே குவிஞ்சு கிடந்துச்சு, மழை பேஞ்சா மஞ்சத் தண்ணியா ஓடும். பில்லு அனுப்ப ஆள் இல்லன்னா கதை எப்படி இழுக்கும்ங்கிறதுக்கு அதைவிட உதாரணம் வேணுமா?

கேள்வி: அப்போ சட்டத்துல ஒண்ணுமே இல்லையா?

பதில்: இருக்கு. மாசடைந்த இடங்களுக்குன்னே மத்திய அரசு 2025 ஜூலையில தனி விதி போட்டுச்சு. அதுப்படி சந்தேகப்படுற இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை லிஸ்ட் போடணும், தகவல் போனதுலேர்ந்து 90 நாள்ல முதல்கட்ட ஆய்வு, அப்புறம் மூணு மாசத்துல விரிவான ஆய்வு. கெடுத்தவன் யாருன்னு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டுபிடிச்சா செலவு அவன் தலையில, ஆள் இல்லன்னா மத்திய மாநில அரசுகள் ஏற்பாடு பண்ணணும். ஓட்டை எங்கன்னா, கெட்ட மண்ணுன்னு முடிவானதுக்கு அப்புறம் எந்தத் தேதிக்குள்ள சுத்தம் பண்ணி முடிக்கணும்னு கெடுவே இல்ல!

அதனால உங்க மனுல "சுத்தம் பண்ணுங்க"ன்னு எழுதாதீங்க. சர்வே நம்பரைப் போட்டு, இந்த இடத்தை சந்தேகப் பட்டியல்ல சேருங்கன்னு கலெக்டருக்கு எழுதுங்க, வாரியத்துக்கும் ஒரு காப்பி. பேரூராட்சி காசு ஒரு பைசா வேண்டாம்.

கேள்வி: வெளிநாட்டுல எப்படிப் பண்றாங்க?

பதில்: அமெரிக்காவுல 2002ல ஒரு சட்டம் போட்டு, நான் மேல சொன்ன மாதிரியே பிரிச்சுட்டாங்க. ஈபிஏ, அதாவது அவங்க சுற்றுச்சூழல் ஏஜென்சி, சுத்தம் பண்ண ஒரு கிராண்ட், ஆய்வு மட்டும் பண்ண இன்னொரு கிராண்ட்னு தருது. ஆய்வுக்கே சமீப வருஷங்கள்ல ஒரு ஊருக்கு 5 லட்சம் டாலர் வரைக்கும். 2021ல இந்தத் திட்டத்துக்கு மட்டும் 150 கோடி டாலர் சேர்த்துப் போட்டாங்க. இதுல ஒரு கசப்பு, கொடைக்கானல் ஃபேக்டரியே நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன்லேர்ந்து எண்பதுகள்ல மூட்டை கட்டி வந்ததுதான். மெஷின் வந்துச்சு, இந்தப் புத்தி கூட வரல.

கேள்வி: ஊர்க்காரங்க நாங்களா ஏதாவது செய்ய முடியுமா? லேப்ல கேட்டா பெரிய தொகை சொல்றாங்க. (முதல் வாசகரே கேட்டது)

பதில்: போர் போட்டு ஆழம் ஆழமா மண்ணெடுக்குறது காசு புடிக்கிற வேலை, அது ரெண்டாம் கட்டம். முதல் கட்டம் கிட்டத்தட்ட ஓசி. அங்க வேலை பார்த்த பெரியவங்க நாலு பேரை டீக்கடையில உக்கார வைங்க. சுண்ணாம்புக் குழி எங்க இருந்துச்சு, குரோம் தண்ணியை எந்தப் பக்கம் விட்டாங்க, ஸ்லட்ஜை (கழிவுச் சேத்தை) எங்க கொட்டுனாங்கன்னு அவங்க விரலை நீட்டிக் காட்டுவாங்க, அதை எஃப்எம்பி ஸ்கெட்ச்ல, அதாவது சர்வே நம்பருக்கான நில அளவை வரைபடத்துல, குறிச்சுக்கோங்க. இடம் தெரிஞ்சா நாப்பது சாம்பிள் எடுக்குற இடத்துல பத்து போதும்.

லேப்ல குடுக்குறப்போ "குரோமியம்"னு மட்டும் எழுதாதீங்க, மொத்த குரோமியம் தனியா, குரோமியம் ஆறு தனியான்னு கேளுங்க. மூணு, ஆறுங்கிறது ஒரே உலோகத்தோட ரெண்டு வடிவம். டேனரியில தோலுக்குப் போடுறது பெரும்பாலும் குரோமியம் மூணு, ராணிப்பேட்டை மஞ்சத்தண்ணி குரோமியம் ஆறு, கேன்சர் வரவைக்கிறது இந்த ஆறுதான். ரெண்டையும் ஒரே நம்பரா வாங்கினா ஒண்ணு தேவையில்லாம பயப்படுவீங்க, இல்ல தேவையில்லாம தைரியமா இருப்பீங்க. பக்கத்துக் கிணத்துத் தண்ணியையும் சேர்த்துக் குடுங்க, குடிதண்ணில மொத்த குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாது. உப்பையும் பாக்கச் சொல்லுங்க, பச்சைத் தோலு உப்புல ஊறித்தானே ஷெட்டுக்கு வந்துச்சு. ரிப்போர்ட் வந்ததும் அந்த மனுவோட பின் பண்ணிடுங்க.