பஸ்ஸை ஸ்டேஷனுக்கு விடுங்கள்

வாசகர் கேள்விகளுக்கு, ஓய்வுபெற்ற பெண் காவல் உதவி ஆய்வாளர் ஒருவர் இந்த இதழில் பதில் சொல்கிறார்.

கேள்வி: கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறேன். காலை எட்டேகால் டவுன் பஸ்ஸை விட்டால் வேறு பஸ் கிடையாது. ஒரு மாதமாக ஒரே ஆள் என் பின்னால் வந்து நிற்கிறார். அப்பா வயது இருக்கும். பிரேக் போடும்போதெல்லாம் மேலே சாய்கிறார். கண்டக்டரிடம் சொன்னேன். "முன்னாடி தள்ளிப் போம்மா" என்றார். தள்ளிப் போனேன், அங்கேயும் வந்துவிட்டார். வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள். என்ன செய்வது?
பெயர் வேண்டாம், திருவாரூர் மாவட்டம்

பதில்: மகளே, முதலில் ஒரு சின்னத் திருத்தம். "நிற்கிறார்", "சாய்கிறார்" என்று எழுதியிருக்கிறாய். அந்த 'ர்' அவனுக்கு வேண்டாம். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்று கேள்.

காவலராக இருந்தபோது கொஞ்ச காலம் மஃப்டி டூட்டி பார்த்தேன். தோளில் ஒரு பை, கையில் ஒரு நோட்டு, மாணவி மாதிரி மகளிர் கல்லூரி பஸ்ஸில் ஏறுவேன். இவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். எடுத்த எடுப்பில் எவனும் கையை வைப்பதில்லை. முதலில் டிபன் பையையோ மடித்த பேப்பரையோ நடுவில் கொண்டுவருவான். அப்புறம் புறங்கை, பட்டும் படாமலும். அவள் திரும்பினால் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான். திரும்பாவிட்டால் அடுத்த பிரேக்குக்குக் காத்திருப்பான். பிரேக் போட்டால் பஸ்ஸில் எல்லோரும் சாய்கிறோம், உடனே நிமிர்ந்துவிடுகிறோம். இவன் மட்டும் நிமிரமாட்டான். கூட்ட நெரிசலில் தெரியாமல் இடிப்பவனையும் இவனையும் பிரித்துக் காட்டுவது அந்த நிமிராத இரண்டு நொடிதான். நான் அதை வைத்துத்தான் ஆளைப் பிடிப்பேன்.

ஒருநாள் என் பக்கத்தில் நின்ற பெண், "அண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணா" என்றாள். அவன் சத்தமாக, "கூட்டம்மா, நான் என்ன பண்றது? கஷ்டமா இருந்தா ஆட்டோல போ" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். தப்பு செய்தவன் நிமிர்ந்து நின்றான், அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். 'அண்ணா' என்று மெதுவாகச் சொன்னதும் அது ஏதோ இடம் பற்றிய சச்சரவாகிவிட்டது. அதனால் இவனை அண்ணா என்றோ சார் என்றோ கூப்பிடாதே. "நீலச் சட்டை, கையை எடு!" என்று சொல். சட்டை நிறத்தைச் சொன்னால் மொத்த பஸ்ஸும் அவனைத் திரும்பிப் பார்க்கும். அடுத்ததாக, யாராவது ஒருத்தரைப் பெயரிட்டதுபோலக் கூப்பிடு: "பச்சைப் புடவைக்காரம்மா, இங்கே வாங்கம்மா." பொதுவாகக் கத்தினால் எல்லோரும் பக்கத்தில் இருப்பவர் பார்த்துக்கொள்வார் என்றிருப்பார்கள். குறிப்பிட்டுக் கூப்பிட்டால் அந்த அம்மா எழுந்து வருவார். இதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

ஊக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பாய். நானும் வைத்திருந்தவள்தான். என் அம்மா என் தாவணியில் ஒன்று, பையில் ஒன்று குத்தி அனுப்புவார். ஆனால் ஊக்கு குத்தினால் அவன் சத்தமில்லாமல் நகர்ந்து அடுத்த பெண்ணின் பின்னால் போய் நின்றுகொள்வான். உன் குரல்தான் எனக்கு வேண்டும்.

குரல் வராவிட்டால்? வராமல் போகலாம். எனக்கே பத்தொன்பது வயதில் எங்கள் ஊர்த் தேரோட்டக் கூட்டத்தில் நடந்தது. தொண்டை அடைத்துவிட்டது. வடம் பிடிக்கிற சத்தமெல்லாம் தூரத்தில் கேட்டது போல இருந்தது. வீட்டுக்கு வந்து மூன்று முறை குளித்தேன், யாரிடமும் சொல்லவில்லை. வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, புகார் கொடுக்க வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் அப்படித்தான் உறைந்து நின்றிருந்தார்கள். அதை வைத்து உன்னை நீ திட்டிக்கொள்ளாதே. அன்று முடியாவிட்டால் மறுநாள் புகார் கொடு. பஸ்ஸின் பதிவு எண், ஏறிய நேரம், அவன் ஏறுகிற, இறங்குகிற நிறுத்தம் இதையெல்லாம் எழுதி வை. தினமும் அதே பஸ்ஸில் வருகிறவன் என்பதால் பிடிப்பது சுலபம். எந்த ஸ்டேஷனில் வேண்டுமானாலும் கொடுக்கலாம், "இது எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பக்கூடாது. உன் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் எழுத வேண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 74-வது பிரிவில் இதற்கு ஓராண்டிலிருந்து ஐந்தாண்டு வரை சிறை. உனக்கு இன்னும் பதினெட்டு முடியவில்லை என்றால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டமே வரும். உடனடி உதவிக்கு 112, பேசி வழி கேட்க 181.

வீட்டைப் பற்றிச் சொன்னாயே, அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. இதைப் படிக்கிற அப்பா அம்மாக்களுக்குச் சொல்கிறேன்: நீங்கள் படிப்பை நிறுத்துவீர்கள் என்ற பயத்தில்தான் உங்கள் பெண் ஒரு மாதமாக இதைப் பொறுத்துக்கொண்டு போய்வருகிறாள். அவன் நாளைக்கும் அதே பஸ்ஸில் போவான். உங்கள் பெண் மட்டும் வீட்டில் இருப்பாளா? ஒருநாள் நீங்களும் அந்த எட்டேகால் பஸ்ஸில் ஏறுங்கள்.

கேள்வி: ஈவ் டீசிங் என்று பேப்பரில் போடுகிறார்களே, அது சரியான வார்த்தையா?
ஆசிரியை, நாகர்கோவில்

பதில்: எனக்கு அந்த வார்த்தை பிடிக்காது. 'டீசிங்' என்றால் ஏதோ விளையாட்டுக் கேலி போல இருக்கிறது. 1998 ஜூலையில் சென்னை எத்திராஜ் கல்லூரி மாணவி சரிகா ஷா, ஆட்டோவில் வந்தவர்கள் சீண்டியதில் கீழே விழுந்து தலையில் அடிபட்டு இறந்துபோனார். அதைக் கேலி என்று சொல்ல முடியுமா? அந்தச் சாவுக்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. முதலில் அதன் பெயரிலும் ஈவ் டீசிங் இருந்தது, பிறகு அரசே அதை எடுத்துவிட்டது. இப்போது பெண்கள் வன்கொடுமைத் தடைச் சட்டம் என்கிறோம். 2025-ல் அதன் தண்டனையையும் கூட்டினார்கள். சட்டமே விட்டுவிட்ட வார்த்தையை நாம் ஏன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்?

கேள்வி: பெண்கள் ஒழுங்காக உடை உடுத்தினால் இந்தப் பிரச்சினை பாதி குறையாதா?
வாசகர், சேலம்

பதில்: குறையாது ஐயா. நான் எழுதிய புகார்களில் பள்ளிச் சீருடை இருக்கிறது, புர்கா இருக்கிறது, நைந்துபோன நூல் புடவையில் கீரைக் கூடையோடு முதல் பஸ்ஸுக்கு நின்ற அறுபது வயது அம்மா இருக்கிறார். அவர்கள் உடையில் என்ன குறை கண்டீர்கள்?

கேள்வி: என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். பஸ் ஸ்டாப் எதிரே குட்டிச்சுவரில் உட்கார்ந்து, போகிற வருகிற பெண்களைக் கமெண்ட் அடிக்கும் கூட்டத்தோடு இருந்ததாகத் தெரிந்தவர் சொன்னார். கேட்டால், "நான் எதுவும் சொல்லலம்மா, சும்மா இருந்தேன்" என்கிறான்.
ஒரு தாய், கோவில்பட்டி

பதில்: அவன் சொல்வது நிஜமாகவே இருக்கலாம் சகோதரி. சும்மா இருந்திருப்பான், கூடச் சிரித்திருப்பான். விசில் அடிக்கிற பையனுக்கு அந்தச் சிரிப்புதான் வேண்டும், தனியாக இருக்கும்போது அவன் அடிப்பதில்லை. பள்ளிகளுக்குப் பேசப் போகும்போது பையன்களிடம் நான் பெரிதாக எதுவும் கேட்பதில்லை. "வாடா, போலாம்" என்று எழுந்துவிடு என்பேன். இரண்டு வார்த்தைதான். ஒருத்தன் எழுந்தால் இன்னும் ஒருத்தன் எழுவான்.

இன்னொன்று. "உனக்கும் அக்கா தங்கச்சி இருக்காங்கல்ல" என்று மட்டும் சொல்லாதீர்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பையன் எழுந்து, "எனக்கு யாரும் இல்ல மேடம்" என்றான். அன்றோடு விட்டுவிட்டேன். அந்தப் பெண் யாருக்கும் தங்கச்சியாக இருக்க வேண்டியதில்லை. அவளுக்குப் பஸ் ஏற வேண்டும், அவ்வளவுதான். பின்னாலேயே போவது, மறுத்த பிறகும் போனில் தொடர்வது, இதெல்லாம் பாரதிய நியாய சம்ஹிதாவின் 78-வது பிரிவில் குற்றம் என்பதையும் அவனிடம் சொல்லி வையுங்கள். சினிமாவில் அதைக் காதல் என்று காட்டுகிறார்கள், பையன்கள் நம்பிவிடுகிறார்கள்.

கேள்வி: நான் மினி பஸ் கண்டக்டர். பஸ்ஸில் ஒருத்தன் தொந்தரவு செய்கிறான் என்று ஒரு பெண் வந்து சொன்னால் நான் என்ன செய்ய முடியும்? ஐந்து நிமிடம் நிறுத்தினாலே பயணிகள் சண்டைக்கு வருகிறார்கள். டைமிங் போனால் பின்னால் வருகிற பஸ்காரனோடும் தகராறு.
வாசகர், தேனி மாவட்டம்

பதில்: தம்பி, நீங்கள் கேட்டதற்கே நன்றி. உங்கள் கஷ்டம் தெரியும். ஆனால் இது உங்கள் விருப்பம் சார்ந்தது இல்லை. பஸ்ஸில் ஒரு பெண் புகார் சொன்னால், பக்கத்தில் உள்ள காவல் நிலையத்துக்கு வண்டியைக் கொண்டுபோய்த் தகவல் சொல்ல வேண்டும் என்று அந்த 1998 சட்டமே சொல்கிறது. 2012 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதையே உத்தரவாகப் போட்டு, செய்யாவிட்டால் பெர்மிட்டையே ரத்து செய்யலாம் என்றது.

அது எந்த வழக்கில் தெரியுமா? சொல்லவே வெட்கமாக இருக்கிறது, எங்கள் துறை ஆள்தான். 1999-ல் குற்றால சீசன் பந்தோபஸ்துக்கு வந்த காவலர் ஒருவர், தென்காசி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ராத்திரியில் ஒரு பெண்ணிடம் தவறாக நடந்தார். கோர்ட்டில் சாட்சிகள் பிறழ்ந்துவிட்டார்கள், விடுதலையாகிவிட்டார். துறை அவரை வேலையை விட்டு நீக்கியது சரிதான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம், தியேட்டர், கோவில் போன்ற இடங்களில் மஃப்டியில் பெண் போலீஸ் நிறுத்தச் சொன்னதும் அதே தீர்ப்புதான்.

சாட்சி ஏன் பிறழ்கிறது? கூட யாரும் நிற்காததால். அதனால்தான் பஸ்ஸோடு வாருங்கள் என்கிறேன். அந்தப் பெண் தனியாக நாலு நாள் கழித்து வந்து சொல்வதும், நாற்பது பேர் பார்த்த சூட்டோடு வண்டி வந்து நிற்பதும் ஒன்றில்லை.

நான் ஏட்டாக இருந்தபோது ஒரு காலை, ஸ்டேஷன் வாசலில் திடீரென்று ஒரு பஸ் வந்து நின்றது. டிரைவருக்கு ஓய்வு வயது நெருங்கியிருக்கும். "ஒரு பொண்ணு சத்தம் போட்டுச்சும்மா, திருப்பிட்டேன்" என்றார். உள்ளே ஒரே முணுமுணுப்பு, வேலைக்கு நேரமாச்சு, கோர்ட்டுக்கு நேரமாச்சு என்று. நான் படியில் ஏறி, யார் பார்த்தீர்கள் என்று கேட்டேன். ஒரு நிமிடம் சத்தமே இல்லை. அப்புறம் பூக்கூடை வைத்திருந்த ஒரு அம்மா, "நான் பாத்தேன்" என்று இறங்கினார். அவரைப் பார்த்து ஒரு பையனும் இறங்கினான், பின்னாலேயே இன்னும் ஒரு பெண். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள், அந்த அம்மா கைநாட்டு.

இருபது நிமிடம் ஆகியிருக்கும். அதற்குள் முணுமுணுப்பு நின்றுவிட்டது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "இருய்யா, அந்தப் பொண்ணு ஏறட்டும்" என்றார்.